சிங்கப்பூர் – கோலாலம்பூர் விமானத் தூரம் 297 கி.மீ.யா, 350ஆ? பறக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு?

கலை_செங்காங்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கிள்ளானில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். நான், வீட்டுக்காரர், எட்டு வயசு மகள், மாமியார் என்று நாலு பேர் போகணும். மாமியாருக்கு 74 வயசு. இரண்டு முட்டியும் தேய்மானம், காலைத் தொங்கப்போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் வீங்கிடும்.

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஒரு இடத்தில் 297 கி.மீ., இன்னொரு இடத்தில் 316, வேறொன்றில் 350 என்று வருது. நேரமும் அப்படித்தான். ஒரு தளம் 52 நிமிடம் என்குது. டிக்கெட் போடும் இடத்தில் 1 மணி 10 நிமிடம். கூட வேலை செய்யும் பெண் முக்கால் மணிகூட ஆகாது என்கிறாள். எதை நம்புறது? இதை வைத்துத்தான் விமானமா பஸ்ஸா, வியாழன் ராத்திரியா வெள்ளி காலையா என்று முடிவு பண்ணணும்.

சாங்கி_இரவுப்பணி

கலை அக்கா, நான் விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்றேன்.

மூன்று எண்ணும் சரி. ஆனால் மூன்றும் வேறு வேறு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்தவை. 297 என்பது சாங்கி விமான நிலையத்துக்கும் சிப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவுக்கும் நேர்கோட்டில். 316 என்பது சிங்கப்பூர் நகர மையத்திலிருந்து கோலாலம்பூர் நகர மையத்துக்கு நேர்கோட்டில். நகரத்துக்கு நகரம் ஏன் கூடுதலாக வருது என்றால், கேஎல்ஐஏ கோலாலம்பூருக்குத் தெற்கே, அதாவது நம்ம பக்கமாகத் தள்ளி இருக்கு. 350 என்பது சாலை வழி.

297ஐ நீங்களே போட்டுப் பார்க்கலாம், கால்குலேட்டர் போதும். சாங்கி வடக்கே 1.36 பாகை, கிழக்கே 103.99 பாகை. கேஎல்ஐஏ வடக்கே 2.75, கிழக்கே 101.71. வடக்குத் தெற்கு வித்தியாசம் 1.39, கிழக்கு மேற்கு வித்தியாசம் 2.28. இரண்டையும் தனித்தனியாக வர்க்கம் பண்ணிக் கூட்டினால் 7.13. அதன் வர்க்கமூலம் 2.67 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல்மைல், ஆக 160 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 296 அல்லது 297 வரும். வேறு ஊருக்கு இப்படிச் சுலபமாகப் போட முடியாது. பூமி உருண்டை என்பதால் மேலே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிடும், அதுக்குக் கோணக்கணிதம் வேணும். நாம நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கோம், இரண்டு ஊரும் கிட்டக் கிட்ட, அதனால் தட்டையான தாளில் போடுவதுபோல் போட்டாலும் விடை தப்பாது.

இப்போ நேரம். அந்த 52 நிமிடம் எப்படி வந்தது என்றால், பல தூரக் கணிப்புத் தளங்கள் மணிக்கு 500 மைல் வேகம் என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, ஏற இறங்க 30 நிமிடம் சேர்த்துடும். 184 மைலுக்கு 22 நிமிடம், கூட 30, ஆக 52. எந்த விமானத்தையும் பார்த்துச் சொன்ன எண் இல்லை அது. ஓடுபாதையை விட்டு எழும்பினதிலிருந்து சக்கரம் தரையைத் தொடும் வரை பெரும்பாலான நாள் 40லிருந்து 45 நிமிடம். உங்க தோழி சொல்றது அது. டிக்கெட்டில் இருக்கும் 1 மணி 10 நிமிடம், விமானம் வாயிலைவிட்டுப் பின்னால் தள்ளப்படும் நொடியிலிருந்து அந்தப் பக்கம் வாயிலில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை. நீங்க திட்டம் போட அதைத்தான் எடுத்துக்கணும்.

துவாஸ்_சேகர்

தங்கச்சி, இவ்வளவு கணக்கே வேண்டாம். பஸ்ஸில் ஏறி உட்காருங்க. அகலமான இருக்கை, கால் நீட்டிக்கலாம், சாய்ந்து தூங்கலாம். துவாஸ் பாலம் வழியாகப் போனால் பேஜாரில்லை. ஐந்தரை மணி, ஆறு மணி. சில வண்டி கிள்ளான் வரைக்கும் போகுது. விமானத்துக்கு நாலு பேர் டிக்கெட், பெட்டிக்குத் தனிக் காசு, அங்கே இறங்கி வாடகை வண்டி, எல்லாம் கூட்டிப் பாருங்க.

கலை_செங்காங்

சேகர் அண்ணே, பஸ்ஸில் மாமியாருக்கு இரண்டு இடத்தில் இறங்கி ஏறணுமே, அதுதான் பயம். சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியில் ஒரு தடவை, மலேசியா பக்கம் பெட்டியோட ஒரு தடவை. அந்தப் படிக்கட்டு அவங்களுக்கு ஆகாது. போன தீபாவளிக்கு ஒரு பஸ்ஸில் போனோம், சோதனை முடிச்சு வர்றதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு, அடுத்த வண்டிக்காக நின்றோம். அதிலிருந்து அவங்களுக்கு பஸ் என்றாலே கலக்கம்.

சாங்கி தம்பி, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். 45 நிமிடம் பறக்கிறதுக்கு எதுக்கு 70 நிமிடம் போடுறாங்க? 25 நிமிடமா தரையில் ஓடுது?

சாங்கி_இரவுப்பணி

ஆமாம் அக்கா, பெரும்பகுதி தரையில்தான். பின்னால் தள்ளி, இயந்திரம் உயிர்பெற்று, ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து, முன்னாடி நிற்கிற வண்டிகள் போற வரைக்கும் காத்திருந்து. காலை ஏழரை, எட்டு மணிக்கு சாங்கியில் வரிசை நீளம். அந்தப் பக்கம் கேஎல்ஐஏவில் மூன்று ஓடுபாதை. தூரத்து ஓடுபாதையில் இறக்கிவிட்டால் வாயிலுக்கு ஊர்ந்து வரவே நேரம் எடுக்கும்.

வானத்திலும் நேர்கோடு கிடையாது. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வடமேற்கில் இருக்கு. சாங்கி ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்குத் தெற்காகக் கிடக்கு. தெற்கு நோக்கிக் கிளம்புற நாளில் முதலில் எதிர்த்திசையில் ஏறி, அப்புறம் வளைந்து வரணும். கேஎல்ஐஏ ஓடுபாதைகள் தென்கிழக்கு வடமேற்காகக் கிடக்கு. காற்று வடமேற்கிலிருந்து அடித்தால் நம்ம விமானம் வந்த போக்கிலேயே ஏறக்குறைய நேராக இறங்கிடும். காற்று மாறித் தென்கிழக்கு நோக்கி இறங்கணும் என்றால் விமான நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரணும். அந்த ஒரு வித்தியாசத்திலேயே சில நிமிடம் போயிடும். அதனால் உண்மையில் பறக்கும் பாதை 297ஐவிட எப்போதும் கூடத்தான்.

இன்னொன்று, இவ்வளவு குட்டிப் பயணத்தில் விமானம் முழு உயரத்துக்கே போகாது. ஏறி, கொஞ்சம் சமமாகப் போய், உடனே இறங்கத் தொடங்கிடும். மணிக்கு 800, 900 கி.மீ. என்று சொல்ற வேகத்தில் அது இருப்பது ரொம்பக் கொஞ்ச நேரம்தான்.

மணியம்_கிள்ளான்

வணக்கம் பிள்ளைகளா. நான் இந்த வழியில் ரொம்ப வருசமாகப் போய்வருகிறவன், அதனால் பழைய கதை கொஞ்சம்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் விமானம் ஓடுவது இன்றைக்கு நேற்றல்ல. மலாயன் ஏர்வேஸ் 1947 மே மாதம் சிங்கப்பூர் காலாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பியது, இறக்கையில் சுழலி வைத்த சின்ன விமானத்தில். அந்தக் கம்பெனிதான் பின்னால் மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகி, 1972இல் இரண்டாகப் பிரிந்து மலேசியாவுக்கு மாஸ், சிங்கப்பூருக்கு எஸ்ஐஏ என்று ஆனது. அந்த இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய ஷட்டில் சேவையைப் பழைய ஆட்கள் மறக்கமாட்டார்கள். இந்த நேரத்து விமானம் என்று கட்டுப்பாடு இல்லை, டிக்கெட்டோடு போய் நிற்கலாம், இடம் இருந்தால் ஏறலாம். ஆனால் விலை எக்கச்சக்கம். மலிவு விமானங்களுக்கு இந்த வழியில் 2008 பிப்ரவரி வரைக்கும் அனுமதியே கிடையாது. ஏர் ஏசியா வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் கல்யாணம், காதுகுத்துக்கு எல்லாம் விமானத்தில் போகத் தொடங்கினோம்.

பழைய காலத்தில் கோலாலம்பூர் விமான நிலையம் என்றால் சுபாங். கிள்ளானிலிருந்து போகச் சவுகரியம், தம்பி காரில் கொண்டுவிட்டால் அரை மணி. 1998 ஜூனில் சிப்பாங்குக்கு மாற்றினார்கள். நேர்கோட்டில் பார்த்தால் சிப்பாங் சிங்கப்பூருக்குக் கிட்ட. சாங்கியிலிருந்து சுபாங் 335 கி.மீ., சிப்பாங் 297. வானத்தில் 38 கி.மீ. மிச்சம். தரையிலோ நகரத்துக்குப் போக 57 கி.மீ. ரயில் தண்டவாளம் போட வேண்டியதாயிற்று.

கலைம்மா, நீங்கள் போவது கிள்ளான். அதனால் சுபாங்குக்கு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து சுபாங்கில் ஜெட் விமானங்கள் மறுபடி வருகின்றன. அதற்கு முன்னால் பல வருடம் சுழலி விமானம் மட்டும்தான் அங்கே.

கலை_செங்காங்

மணியம் ஐயா, சுபாங் பார்த்தேன். எங்களுக்கு வேண்டிய நாளில் நேரம் ஒத்து வரலை. சாயங்காலம்தான் இருக்கு, அதுவும் நாலு பேருக்கு விலை கூட.

ஜகார்த்தா_ரவி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் வேலை விஷயமாக ஜகார்த்தாவில் இருக்கிறேன், அடிக்கடி சிங்கப்பூர் வருவேன். இந்த வழி 880 கி.மீ. சுமார். உங்கள் வழியைப்போல மூன்று மடங்கு. ஆனால் டிக்கெட்டில் நேரம் 1 மணி 50 நிமிடம். மூன்று மடங்கு தூரத்துக்கு நேரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. நான் பேங்காக்கும் போயிருக்கிறேன், சிங்கப்பூரிலிருந்து 1,400 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட, நேரம் 2 மணி 25 நிமிடம். இதற்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

சாங்கி_இரவுப்பணி

ரவி அண்ணே, நல்லா எடுத்துக் கொடுத்தீங்க. உங்க மூன்று எண்ணையும் வரிசையாக வைத்துப் பாருங்க.

கோலாலம்பூர் 297 கி.மீ., 70 நிமிடம். ஜகார்த்தா 880, 110 நிமிடம். பேங்காக் 1,416, 145 நிமிடம்.

கோலாலம்பூருக்கும் பேங்காக்குக்கும் தூர வித்தியாசம் 1,119 கி.மீ., நேர வித்தியாசம் 75 நிமிடம். அதாவது கூடுதலான தூரத்தை மணிக்குக் கிட்டத்தட்ட 900 கி.மீ. வேகத்தில் கடக்குது. அதுதான் ஜெட் விமானம் மேலே சமமாகப் பறக்கும் வேகம். அந்த வேகத்தில் 297 கி.மீ. என்றால் 20 நிமிடம். டிக்கெட்டில் 70. அப்போ மிச்சம் 50 நிமிடம் தூரத்தோடு சம்பந்தமே இல்லாத நேரம். தள்ளுவது, ஊர்வது, காத்திருப்பது, மெதுவாக ஏறுவது, மெதுவாக இறங்குவது, வளைவது, மறுபடி ஊர்வது. டாக்சியில் ஏறியதும் மீட்டரில் முதலில் விழும் கட்டணம் மாதிரி, பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் அது விழுந்திடும். ஜகார்த்தாவுக்குச் சோதித்துப் பாருங்க. 880 கி.மீ.க்கு 59 நிமிடம், கூட 50, ஆக 109.

கலை அக்காவுக்கு இதில் பயன் என்ன என்றால், உங்க பயணத்தில் கிலோமீட்டர் என்பது வெறும் 20 நிமிட விஷயம். 297ஆ, 316ஆ என்று தேடுவதில் ஒரு நிமிடம்தான் மாறும். மீதி எல்லாம் இரண்டு முனையிலும் தரையில் இருக்கு. அங்கே கவனம் வைத்தால்தான் மாமியாருக்குச் சிரமம் குறையும்.

ரவி அண்ணே, உங்க வழிக்கு ஒரு எச்சரிக்கை. ஜகார்த்தாவும் பேங்காக்கும் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரம். அப்படியே கழித்தால் பேங்காக் போகும்போது ஒன்றரை மணிக்கும் குறைவாகத் தெரியும், வரும்போது மூன்றரை மணிக்குக் கிட்டத் தெரியும்.

மணியம்_கிள்ளான்

சிங்கப்பூருக்கும் தீபகற்ப மலேசியாவுக்கும் அந்தக் குழப்பம் இல்லை, ஒரே கடிகாரம். 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியா அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தபோது சிங்கப்பூரும் அன்றைக்கே கூடவே தள்ளிக்கொண்டது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கவேண்டும் என்று செய்தது. சூரியனைப் பார்த்தால் கிள்ளானில் காலை ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. கல்யாணத்துக்கு அதிகாலையில் கிளம்புகிறவர்கள் இருட்டோடுதான் கிளம்பவேண்டும்.

காற்றுமானி

நேர விஷயத்தில் வானிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா, அமெரிக்கா வழிகளில் போக ஒரு நேரம் வர ஒரு நேரம் என்று மணிக்கணக்கில் மாறும், மேலே ஓடும் பலமான காற்றால். நமக்கு அந்தக் காற்று இல்லை, போவதும் வருவதும் ஏறக்குறைய ஒரே நேரம். நமக்கு வில்லன் இடிமழை.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் இரவில் திரளும் மேகக்கூட்டம் விடிவதற்கு முன்னும் காலையிலும் இந்தப் பக்கம் வந்து அடிக்கும். சுமத்ரா சூறை என்று சிங்கப்பூர் வானிலைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் அதன் காலம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணியில் ஓய்ந்துவிடும். பிற்பகலில் வேறு கதை, சூடேறிச் சூடேறி மூன்று மணி, நாலு மணிக்கு மேல் கோலாலம்பூர்ப் பள்ளத்தாக்கில் இடி இறங்கும். மின்னல் கிட்டே வந்தால் தரையில் எரிபொருள் நிரப்புவதும் பெட்டி ஏற்றுவதும் நிறுத்திவைப்பார்கள், ஊழியர்களின் உயிர் விஷயம். வானத்தில் இருப்பவர்கள் வட்டமடிக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் எந்த ஜெட் விமானமும் மாற்று விமான நிலையத்துக்குப் போகும் எரிபொருளுக்கும் மேலே 30 நிமிடம் வட்டமடிக்கும் அளவைத் தொடாமல் வைத்திருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. 45 நிமிடப் பயணத்துக்கு இது பெரிய அளவு.

என் யோசனை, முற்பகலில் போய்ச் சேரும்படி பாருங்கள். ஒன்பது, பத்து மணி விமானம் நல்லது.

மீனா_பூச்சோங்

கலை அக்கா, நான் இந்தப் பக்கம் இருக்கேன், கேஎல்ஐஏவுக்கு ஆளைக் கூப்பிட அடிக்கடி போவேன். சொல்லவேண்டியது நிறைய இருக்கு.

முதல் விஷயம், டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுடுங்க. கவுன்டரில் போய்க் கேட்டுக்கலாம் என்று விடாதீங்க. கேட்கும்போது அத்தையால் விமானப் படி ஏற முடியுமா முடியாதா என்று கேட்பாங்க. முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்க. சங்கடப்பட்டுக்கொண்டு "மெதுவா ஏறிடுவாங்க" என்று சொன்னால், விமானம் தூரத்தில் நின்று பஸ்ஸில் கொண்டுபோய் விடும் நாளில் அவங்க படி ஏறித்தான் ஆகணும். இது எங்க அம்மாவுக்கு நடந்தது, அவங்க ரயிலிங்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினதை என்னால் இன்னும் பார்க்க முடியலை. நிறுவனத்தின் பேர் வேண்டாம், ஆனால் கேட்டு வாங்கிக்கோங்க, அது உங்க உரிமை.

இரண்டாவது, டெர்மினல் 1ஆ 2ஆ என்று பாருங்க. இரண்டும் தனித்தனிக் கட்டடம், நடந்து போக முடியாது, நடுவில் ரயில் 3 நிமிடம். உங்களைக் கூப்பிட வருகிறவங்க தப்பான இடத்தில் நின்றால் அரை மணி போச்சு. டெர்மினல் 2 நீள நடை உள்ள கட்டடம், நாற்காலி இல்லாமல் அத்தையைக் கூட்டிப்போகவே கூடாது. டெர்மினல் 1இல் தள்ளியிருக்கும் துணைக் கட்டடத்தில் இறக்கினால் குட்டி ரயிலில் வரணும். 2023 மார்ச்சில் அது பழுதாகி, அப்புறம் ரொம்ப நாள் பஸ்தான் ஓடிச்சு. 2025 ஜூலையில் புது ரயில் வந்துவிட்டது, இப்போ பரவாயில்லை.

மூன்றாவது, கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் எடுக்காதீங்க. டெர்மினல் 1லிருந்து 28 நிமிடத்தில் கோலாலம்பூர் நகரத்து கேஎல் சென்ட்ரல் நிலையம், கேட்க நல்லாயிருக்கு. ஒரு ஆளுக்கு 55 ரிங்கிட், பெரியவங்க மூன்று பேருக்கே 165. அங்கேயிருந்து மறுபடி கிள்ளானுக்கு கொம்யூட்டர் ரயில், மறுபடி வண்டி. நீங்க கிள்ளானுக்குப் போக நகரத்துக்குள்ளேயே நுழைய வேண்டாம். கிராப் செயலியில் பெரிய காராக வாடகைக்குப் போட்டு நேராகப் போயிடுங்க, ஒரு மணி நேரம் வைத்துக்கோங்க. வெள்ளி சாயங்காலம் என்றால் ஒன்றரை.

கடப்பிதழ் எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி இருக்கா பாருங்க. சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டை தேவையில்லை. அத்தை இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் விதி வேற, முன்கூட்டியே பார்த்துடுங்க.

கலை_செங்காங்

மீனா, இதைத்தான்மா தேடிக்கிட்டு இருந்தேன். எல்லாருக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ்தான். படி ஏற முடியாது என்றே போடுறேன்.

ஜேபி_ரயில்

யாரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லையே! 2025 டிசம்பரிலிருந்து ஜொகூர் பாருவிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் மின்ரயில் நேராக ஓடுகிறது. கிம்மாஸ் வரைக்கும் இருந்த ஒற்றைத் தண்டவாளத்தை 192 கி.மீ. தூரத்துக்கு இரட்டையாக்கி மின்மயமாக்கினார்கள். மணிக்கு 140 கி.மீ. வேகம். ஏறக்குறைய நாலே கால், நாலரை மணி நேரம். சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது. முட்டிவலிக்காரர்களுக்கு எழுந்து நடக்க முடிவது பெரிய விஷயம்.

துவாஸ்_சேகர்

தம்பி, ஜொகூர் பாரு வரைக்கும் எப்படிப் போறது? அந்தக் கடற்பாலம்தானே வழி. ஒரு கி.மீ. நீளப் பாலம், 1924இல் கட்டினது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதில் இரண்டு மணி நேரம் நிற்கிற ஆட்களை நான் பார்க்கிறேன். துவாஸ் பாலம் 1998இல் வந்த பிறகும் நெரிசல் தீரலை.

ஜேபி_ரயில்

உட்லண்ட்ஸிலிருந்து தெப்ராவ் ஷட்டில் ரயில் இருக்கிறது அண்ணே, 5 நிமிடம். ஆனால் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், அதை மறைக்கவில்லை. ஆர்டிஎஸ் என்ற புது எல்லை ரயில் வந்தால் நிலைமை மாறும். உட்லண்ட்ஸ் நோர்த்திலிருந்து புக்கிட் சாகாருக்கு 4 கி.மீ., ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச்செல்லும், இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். 2026 கடைசி வாக்கில் ஓடும் என்று திட்டம்.

அதிவேக ரயில் வந்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டியிருந்திருக்காது. 2016இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டன. ஜூரோங் ஈஸ்டிலிருந்து கோலாலம்பூருக்கு 350 கி.மீ., 90 நிமிடம். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஒப்பந்தம் காலாவதியாகி, மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. இந்த வழியில் பறப்பவர்களில் பலர் அதில்தான் போயிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 300 கி.மீ.க்கு விமானம் ஏறுவது ஒரு நல்ல ரயில் இல்லாததால்தான். தஞ்சோங் பகார் நிலையத்தை 2011 ஜூன் கடைசியில் மூடியதிலிருந்து சிங்கப்பூர் நகரத்துக்குள் மலேசிய ரயிலே வருவதில்லை, அதுவும் ஒரு இழப்பு.

மணியம்_கிள்ளான்

தஞ்சோங் பகாரை ஞாபகப்படுத்திவிட்டாய் தம்பி. இரவு ரயிலில் ஏறினால் விடிய கோலாலம்பூர். அதை யாரும் நேரக் கணக்கில் வைத்ததில்லை, தூங்குகிற நேரம்தானே.

சாங்கி_இரவுப்பணி

எல்லாரும் சொன்னதை வைத்துக் கலை அக்காவுக்கு வீட்டுவாசலிலிருந்து கல்யாண வீட்டுவாசல் வரைக்கும் கணக்குப் போடுறேன்.

விமானம்: செங்காங்கிலிருந்து சாங்கிக்கு டாக்சியில் 25 நிமிடம். இரண்டு மணி நேரம் முன்னாடி இருக்கணும், சக்கர நாற்காலி இருப்பதால் அதைக் குறைக்காதீங்க. பயணம் 70 நிமிடம். இறங்கி, குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர 45. கிள்ளானுக்குச் சாலையில் 60. மொத்தம் 320 நிமிடம், ஐந்து மணி இருபது நிமிடம்.

பஸ்: நெரிசல் இல்லாத வேளையில் சேகர் அண்ணே சொன்ன ஆறு மணி. வீட்டிலிருந்து பஸ் ஏறும் இடத்துக்கும், அங்கே இறங்கி வீட்டுக்கும் சேர்த்து ஏழு.

ரயில்: நாலரை மணி, அதுக்கு முன்னால் உட்லண்ட்ஸ் கடப்பது, பின்னால் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளான். எட்டு மணிக்குக் குறையாது.

அதாவது விமானம் மிச்சப்படுத்துவது பஸ்ஸைவிட ஒன்றரை மணிக்கும் கொஞ்சம் கூட. பறப்பது 45 நிமிடம், ஓடுவது ஆறு மணி என்று பார்த்தால் தெரியும் வித்தியாசம் வீட்டுவாசல் கணக்கில் கிடையாது. ஆனாலும் உங்க விஷயத்தில் நான் விமானத்தைத்தான் சொல்வேன். காரணம் நேரம் இல்லை. விமானத்தில் அந்த ஐந்து மணி இருபதில் அத்தை காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்காரும் நீட்டம் அதிகபட்சம் ஒன்றரை மணி. மற்ற நேரம் எல்லாம் நாற்காலியில் காலை நீட்டலாம், எழுந்து நிற்கலாம், பக்கத்தில் உதவிக்கு ஆள் இருக்கும்.

துவாஸ்_சேகர்

வயசானவங்க விஷயத்தில் ஒத்துக்கிறேன். ஆனால் திரும்பி வரும்போது ஞாயிறு சாயங்கால விமானம் விலை பாருங்க, திங்கள் காலை வர முடியுமா யோசிங்க. நம்ம மாதிரி தனியாகப் போகிறவனுக்கு பஸ்தான், அதில் மாற்றமில்லை. ஒன்றரை மணி நேரத்துக்காக நான் இரண்டு மடங்கு காசு கொடுக்கமாட்டேன்.

கலை_செங்காங்

டிக்கெட் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை காலை 9:40 விமானம், பெட்டியோடு. சக்கர நாற்காலி, படி ஏற முடியாது என்று குறிப்பும் போட்டு உறுதிப்படுத்தி வாங்கிட்டேன். திரும்ப வருவது திங்கள் முற்பகல், வீட்டுக்காரர் மட்டும் ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் முன்னாடி வந்திடுவார், வேலை இருக்கு. சேகர் அண்ணே சொன்ன துவாஸ் வழி வண்டிதான் அவருக்கு. கேஎல்ஐஏவுக்குக் கல்யாண வீட்டிலிருந்து வேன் அனுப்புறாங்க, எந்த டெர்மினல் என்று எழுதியே அனுப்பிட்டேன். மீனா, சாங்கி தம்பி, மணியம் ஐயா, எல்லாருக்கும் நன்றி.

பினாங்கு_செல்வி

இந்த இழையை இப்போதான் பார்த்தேன். சாங்கி அண்ணே, உங்க 50 நிமிடக் கணக்கை சிங்கப்பூர்–பினாங்குக்குப் போட்டுப் பார்த்தேன். தூரம் 600 கி.மீ. 900இல் 40 நிமிடம், கூட 50, ஆக ஒன்றரை மணி. டிக்கெட்டில் 1 மணி 30 என்றே இருக்கு!

சாங்கி_இரவுப்பணி

சரியாகப் போட்டிருக்கீங்க செல்வி. சில நிறுவனம் 5 நிமிடம் கூடக் குறையப் போடும், அவ்வளவுதான். பினாங்கில் உங்களுக்கு இன்னொரு நன்மை, பாயான் லெப்பாஸ் விமான நிலையம் தீவுக்குள்ளேயே இருக்கு, ஜார்ஜ் டவுனுக்கு 16 கி.மீ.தான். சிப்பாங் மாதிரி இறங்கினதும் இன்னொரு பயணம் கிடையாது. ஆனால் பாலம் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் போகணும் என்றால் சாயங்கால நெரிசலுக்கு ஒரு மணி நேரம் தனியாக வைத்துக்கோங்க.